பதினாறாம் நம்பர் ஊசி

ஜனவரி 29, வியாழன்

உடைந்த ஊசியை ஒட்டி வைக்கத்தான் இந்த நோட்டை ஆரம்பித்தேன். கரூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் செக்கிங்கில் நின்ற பழக்கம். அங்கே மெஷினில் ஊசி உடைந்தால் வேலையை நிறுத்தி, துண்டு அத்தனையும் பொறுக்கி, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டித் தேதி எழுத வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மூட்டை வெளியே போகாது. வீட்டில் ஒட்டுப் போர்வை தைக்க உட்கார்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஊசியை ஒட்டிவிட்டுப் பக்கத்தில் இரண்டு வரி எழுதுவேன். இரண்டு நாலாகி, இப்போது ஊசி உடையாத நாளிலும் எழுதுகிறேன். இவர் இதற்கு "மரகதத்தோட புலம்பல் நோட்டு" என்று பேர் வைத்திருக்கிறார்.

இன்றைக்கு உடைந்தது. பிள்ளைக்குத் தைத்த சின்னப் போர்வை. எட்டுத் துண்டுத் துணியும் ஒரே முனையில் வந்து சேர்கிற நடு இடம் தடிமனாக இருக்கும், அதன்மேல் மெஷின் ஏறும்போது டக்கென்று போய்விட்டது. பதினாறாம் நம்பர், தடித்த துணிக்குப் போடுகிற ஊசி. இரண்டு துண்டு கிடைத்தது. ஒட்டியாச்சு. வேறு ஊசி போட்டு முடித்தேன்.

இன்றைக்கே முடித்தாக வேண்டும். நாளைக் காலை ஆறு மணி பஸ்ஸுக்கு இவர் திருச்சி போகிறார். எங்கள் ஒரே மகள் ரேணுகாவுக்குப் பையன் பிறந்து நாளையோடு முப்பது நாள். அவள் வேற மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டு போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த வாசலை இதுவரை நாங்கள் மிதித்ததில்லை. "அப்பா மட்டும் வரட்டும்" என்று போன வாரம் இவர் போனுக்குச் சொன்னாள். மட்டும் என்றால் மட்டும்தான். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. நான் ஒரு போர்வை தைத்துக் கொடுத்தால் வாங்குவாளா என்று கேட்கச் சொன்னேன். "கொண்டு வாங்க" என்றாளாம்.

பச்சைப் பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. அதனால் உள்ளே பஞ்சு வைக்காமல் இவருடைய பழைய வேட்டி இரண்டை மடித்து வைத்தேன். மேல் துண்டெல்லாம் ரேணுகாவின் பாவாடை, சுடிதார். கட்டின துணியோடு போனவள், மிச்சமெல்லாம் பீரோவிலேயே கிடந்தது.

ஜனவரி 30, வெள்ளி

சாயங்காலம் வந்தார். செருப்பைக் கழற்றவிடாமல் பிடித்துக்கொண்டேன்.

"கை நீட்டி வாங்குனாளா?"

"வாங்குனா."

"என்ன சொன்னா?"

"நல்லாருக்குன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் டீ குடுத்தா. சக்கரை தூக்கல். ஏம்புள்ள, போலீஸ் ஸ்டேசன்ல கூட இப்படிக் கேக்கமாட்டாங்க."

ஏழு மணிக்கு இவர் போனுக்குப் போட்டோ வந்தது. பிள்ளை போர்வைமேல் படுத்துக் கொட்டாவி விடுகிறான். பேர் அமலன். காது எங்கள் வீட்டுக் காது. போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், இவர் செய்தி பார்க்கக் கேட்டும் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

புஷ்பலதா டீச்சர் கேட்ட கட்டில் போர்வைக்குத் துணி வெட்டினேன். நீலமும் மஞ்சளும். நூற்று நாற்பத்து நாலு கட்டம். டீச்சர் வந்தபோது போட்டோவைக் காட்டினேன். பால்காரருக்கும் காட்டினேன். கேஸ் கொண்டுவந்தவரிடமும் காட்டியதாக இவர் சொல்கிறார். ஆமாம், காட்டினேன்.

பிப்ரவரி 4, புதன்

டீச்சர் போர்வையில் ஊசி உடைந்தது. இரண்டு துண்டையும் எடுத்து, கம்பெனியில் செய்கிற மாதிரி ஒரு முழு ஊசியைப் பக்கத்தில் வைத்து அளந்தேன். சரியாக இருந்தது. ஒட்டினேன்.

அதே பக்கத்தில் மேலே வியாழக்கிழமை ஊசி இருக்கிறது. இரண்டையும் பார்த்தேன். மேலே இருப்பது குட்டை.

முழு ஊசியை வைத்துப் பார்த்தேன். ஒரு நெல் நீளம் குறைகிறது. காது இருக்கிறது. நுனி இல்லை.

அன்றைக்கு நான் அளக்கவில்லை. பத்தொன்பது வருஷம் எத்தனை பெண்களை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன், அளக்காமல் ஒட்டாதே என்று. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நானே அளக்கவில்லை.

மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். தகட்டைக் கழற்றினேன். பாபின் பெட்டியைத் துடைத்தேன். பாயை உதறினேன். அன்றைக்குக் கட்டியிருந்த சேலையைத் துவைத்து மடித்தாயிற்று, அதையும் தடவிப் பார்த்தேன். இல்லை.

பிப்ரவரி 5, வியாழன்

இவருடைய பழைய ரேடியோவைப் பிரித்து ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்தேன். என்னத்துக்கு என்று கேட்டார். டீச்சர் போர்வையில் ஒரு குண்டூசியைக் காணோம் என்றேன். "ஒரு குண்டூசிக்கா என்னோட ரேடியோவைக் கொன்னே" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

காந்தத்தை ஒரு துணியில் கட்டி வீடு முழுக்க இழுத்தேன். பதினொரு குண்டூசி, இரண்டு ஊக்கு, ஒரு திருகாணி, இரும்புத் தூள். நுனி வரவில்லை. வாசலில் குப்பை கொட்டுகிற இடத்திலும் குனிந்து தேடினேன். போன வியாழக்கிழமைக் குப்பையை அன்றைக்கே வண்டியில் அள்ளிப் போய்விட்டார்கள்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த எட்டு மூலை சேர்கிற இடம் பிள்ளையின் முதுகுக்கு அடியில் இருக்கிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

இல்லை.

பிப்ரவரி 7, சனி

இவரைப் பேசச் சொன்னேன். ஓரம் சரியாக மடங்கவில்லை, திருப்பிக் கொடுத்தால் அம்மா சரிபண்ணித் தருவாள் என்று சொல்லுங்கள் என்றேன். சொன்னார். நான் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். "இருக்கட்டும்ப்பா, நல்லாத்தான் இருக்கு" என்றாள். மூன்று வருஷம் கழித்து அவள் குரலைக் கேட்கிறேன், அதைக்கூட என்னால் நிம்மதியாகக் கேட்க முடியவில்லை.

நேராகச் சொல்ல என்ன கேடு என்று யாரும் கேட்கலாம். வேறு அம்மாவாக இருந்தால் சொல்லிவிடுவாள். 'கண்ணு, ஊசி நுனி ஒன்றைக் காணோம், எதற்கும் உதறிப் பார்' என்பாள், மகளும் இரண்டு வசவு வைத்துவிட்டு உதறிப் பார்ப்பாள். நான் சொல்ல முடியாது. கோபத்தில் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கிறேன். கோபத்தில் யார் பேசவில்லை. ஆனால் அப்படிப் பேசினவள் மூன்று வருஷம் கழித்து அனுப்பின துணிக்குள் ஊசி இருந்தால் அதற்கு ஊரில் என்ன பேர் என்று எனக்குத் தெரியும். செய்வினை என்பார்கள். ரேணுகாவே சொல்வாள்.

அது பறந்து எங்கேயாவது விழுந்திருக்கும். உடைகிற ஊசி பத்தில் ஒன்பது வெளியேதான் தெறிக்கும்.

பத்தாவதுக்காகத்தான் ரிஜிஸ்டரே வைத்தார்கள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒரு வழி தோன்றியது. இதைவிட நல்லதாக இன்னொன்று தைத்து இவரிடம் கொடுத்தனுப்ப வேண்டியது. 'இது மெத்தென்று இருக்கும், பழசைக் கொடுத்துவிடு' என்று சொல்லி மாற்றிக்கொண்டு வரச் சொல்ல வேண்டியது. டீச்சர் வேலையை ஓரம் வைத்துவிட்டேன். பீரோவில் ரேணுகாவின் துணி இன்னும் நாலு இருக்கிறது. காலேஜுக்குப் போட்ட பச்சைச் சுடிதாரையும் வெட்டினேன். இதைக் கையாலேயே தைக்கிறேன். மெஷினைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

இவர் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். பிறகு சாப்பிடுகிறேன் என்றேன்.

பிப்ரவரி 9, திங்கள்

இருபத்தெட்டுக் கட்டம் முடிந்தது. விரல் நுனி இரண்டிலும் ஓட்டை. ஒவ்வொரு தடவை குத்தும்போதும் ஒரு பச்சைப் பிள்ளையின் தோல் எவ்வளவு மெலிசு என்று நினைப்பு ஓடுகிறது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு தைக்கிறேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல.

ரேணுகா போன அன்றைக்குச் செய்தி கேட்டு நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அம்மா" என்று கையை வெளியே நீட்டினாள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "உன் வயித்துல ஒரு புழு பூச்சி தங்காதுடி" என்றேன். மண்ணை வாரித் தூற்றினேன். மண் அவள் மடியில் விழுந்தது.

அந்த வருஷமே அவளுக்கு மூன்று மாதத்தில் கலைந்தது. அடுத்த வருஷம் ஐந்து மாதத்தில். இரண்டையும் இவர்தான் எங்கேயோ கேட்டு வந்து சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் குளிக்கப் போனார். நானும் அரிசி களைந்துகொண்டிருந்தேன், களைந்துகொண்டே இருந்தேன்.

வாய்க்கொழுப்பு சீலையில் வடிகிறது என்பார்கள். என் விஷயத்தில் அது என் மகள் சீலையில் வடிந்தது.

மூன்றாவது தங்கிவிட்டது. அந்தப் பிள்ளைக்குத்தான் நான் ஊசி வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 11, புதன்

இரண்டாவது போர்வை இன்னும் ஓரம் கட்டவில்லை. காலையில் இவர் போனில் பேசிவிட்டு வந்து, "ரெண்டு நாளா பையன் ஓயாம அழுவுறானாம். டாக்டர் வயித்துல காத்துன்னு சொட்டு மருந்து குடுத்திருக்காராம்" என்றார்.

"எப்படி அழுவுறானாம்?"

"அழுவுறதுல என்ன எப்படி?"

"கீழ படுக்க வெச்சா அழுவுறானா, தூக்கி வெச்சிருந்தாலும் அழுவுறானா?"

"கீழ விட்டா வீல்னு கத்துறானாம்."

கையிலிருந்த போர்வையைக் கீழே போட்டேன். நோட்டை எடுத்து இவர்முன் விரித்து அந்த ஊசியைக் காட்டினேன். பஸ் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் வேலை பார்த்த மனுஷன், ஊசியும் நூலும் அவருக்கு என்ன தெரியும். ஆனால் முழு ஊசியைப் பக்கத்தில் வைத்ததும் புரிந்துகொண்டார்.

"எப்பப் பார்த்த?"

"போன புதன்."

"இன்னைக்கும் புதன்."

முப்பத்திரண்டு வருஷத்தில் இவர் என்மேல் கை ஓங்கியதில்லை, இன்றைக்கு ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை என் கையில் வைத்தார். "நீயே சொல்லு."

போட்டேன். "சொல்லுங்கப்பா" என்றாள்.

"ரேணு, அம்மா. அந்தப் போர்வைய எடுத்துருடி. புள்ளைய அதுல படுக்க வைக்காத. உள்ள ஊசி நுனி இருக்கு. புள்ள முதுகைத் திருப்பிப் பாரு, சாமி, முதுகைப் பாரு."

பின்னால் பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. மறுபடி மறுபடி போட்டோம். சுவிட்ச் ஆஃப்.

பிப்ரவரி 12, வியாழன்

நேற்றே கிளம்பினோம். காந்தம், கத்தரி, டேப், இந்த நோட்டு. கரூரிலிருந்து திருச்சி வரை இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

உறையூரில் இரண்டாவது மாடி. வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே, செருப்பு வைக்கிற இடத்தில், போர்வை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கிடந்தது. ரேணுகாவின் மாமியார் லூர்துமேரியம்மா கதவுக்குள் நின்றார்கள். கதவைத் திறக்கவில்லை.

"எடுத்துட்டுப் போயிருங்க. அவ உங்களப் பாக்க மாட்டேங்குறா."

"புள்ள எப்படி இருக்கான், சம்பந்தியம்மா? முதுகுல ஏதாச்சும்?"

"முதுகுல ஒண்ணுமில்ல. காத்துதான். இப்பத்தான் தூங்குறான். சத்தம் போடாதீங்க."

அதைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவர் "கெளம்பலாம் வா" என்றார். நான் போகவில்லை. பையோடு வீட்டுக்குப் போய், அங்கே நுனியை எடுத்தேன் என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்கள் கண்ணெதிரே தேட வேண்டும். "இங்கயே பாத்துட்டுப் போறனுங்க, ஒரு அரை மணி நேரம்" என்றேன். லூர்துமேரியம்மா மாடி விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

போர்வையை மடியில் விரித்து ஓரத்திலிருந்து காந்தத்தை ஓட்டினேன். ஓரம் இல்லை. பச்சைக் கட்டம், சிவப்புக் கட்டம் இல்லை. நடுவில் எட்டு மூலை சேர்கிற இடத்தில் துணி காந்தத்தோடு எழும்பி வந்தது. கையை எடுத்தேன், அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

பிரித்தேன். மேல்துணிக்கும் வேட்டிக்கும் நடுவில் தையல் மடிப்புக்குள் குறுக்காகப் படுத்திருந்தது. தடவினால் தெரியாது. ஒரு பக்கமாக அழுத்தினால் முனை மேலே வரும். நோட்டைத் திறந்து, அந்த வியாழக்கிழமை ஊசிக்குக் கீழே வைத்தேன். பொருந்தியது. டேப் போட்டு ஒட்டினேன்.

நிமிர்ந்தால் கம்பிக்குப் பின்னால் ரேணுகா. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியாது. மெலிந்துவிட்டாள். தலை சீவவில்லை.

"எத்தன நாளாத் தெரியும்?"

"எட்டு நாளா."

"எட்டு நாளு."

"சொன்னா நீ மறுபடியும் இல்லாமப் போயிருவேன்னு பயந்துட்டேன், கண்ணு."

"அதுக்கு எம்புள்ளைய ஊசி மேல விட்டு வெச்சியா?"

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னேன்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அவன் அதுல படுக்கவே இல்ல. அப்பா ஆசப்பட்டாருன்னு போட்டோவுக்கு ஒரு நிமிசம் போட்டேன். உன் கை பட்டதுன்னு எனக்குப் பயம். அன்னைக்கே மடிச்சு பீரோ மேல வெச்சுட்டேன்."

என் மகள் என்னை நம்பாததால்தான் அந்தப் பிள்ளையின் முதுகில் குத்தவில்லை. அவள் என்னை மன்னித்திருந்தால் குத்தியிருக்கும். இதைக் கேட்டு நான் சந்தோஷப்பட வேண்டும், சந்தோஷமும் இருந்தது, அதோடு வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிள்ளை எழுந்துவிடுவான் என்று சத்தம் வராமல் அழுதேன்.

"அந்த நோட்டக் குடு."

கம்பி வழியாகக் கொடுத்தேன். ஊசியைப் பார்க்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். பக்கத்தைத் திருப்பினாள். செவ்வாய்க்கிழமைப் பக்கம் வந்ததும் அவள் கண் நின்றது. படிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் ஏது. படித்து முடித்துவிட்டு நோட்டை மூடி, அதன் அட்டையைக் கையால் இரண்டு தடவை தேய்த்தாள்.

"நடுவுல பிரிச்சுட்டியே, அதை யாரு தைக்கிறது?"

"வீட்டுக்குக் கொண்டு போயி..."

"வீட்டுக்கெல்லாம் கொண்டு போவாத. இங்க வந்து தை. என் கண்ணு முன்னாடி தை. ஊசி எங்கிட்ட இருக்கும்."

பிப்ரவரி 13, வெள்ளி

காலை ஆறு மணி பஸ். அவளே ஊசி பாக்கெட் வாங்கி வைத்திருந்தாள். கையூசி ஒன்றே ஒன்று எண்ணிக் கொடுத்தாள். படியில் உட்கார்ந்து தைத்தேன். நாலு மணிக்குத் திருப்பிக் கொடுத்தேன். முழு ஊசியோடு வைத்து அளந்து பார்த்து வாங்கிக்கொண்டாள். கம்பெனியில் எங்களுக்கும் அப்படித்தான்.

பிப்ரவரி 14, சனி

படியில் வெயில் வருகிறது என்று லூர்துமேரியம்மா கதவைத் திறந்து, உள்ளே செருப்பு அலமாரி பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். ரேணுகா வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று மூலை சேர்த்தேன். உள் அறையில் பிள்ளை தும்மினான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

எட்டாவது மூலையும் முடிந்தது. தையலை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். ஊசியைத் திருப்பிக் கொடுத்தேன். அளந்தாள். சரியாக இருந்தது. காந்தத்தைக் கேட்டாள், கொடுத்தேன். போர்வை முழுக்க மேலும் கீழுமாக ஓட்டினாள். எங்கேயும் நிற்கவில்லை.

பிறகு என்னைப் பார்த்து, "எந்திரி" என்றாள்.

எழுந்து நின்றேன். காந்தத்தை என் முந்தானை மேல் ஓட்டினாள். தோள், மாராப்பு, இடுப்பு. ஜாக்கெட்டில் நான் எப்போதும் குத்தி வைக்கிற ஊக்கு ஒன்று இழுத்தது. கழற்றி அலமாரி மேல் வைத்தாள். வலது கையைத் திருப்பி விரல் விரலாகப் பார்த்தாள், ஓட்டை எல்லாம் காய்ந்திருந்தது. நான் மூச்சுவிடாமல் நின்றேன். கம்பெனியில் என் மேஜைக்கு வருகிற பீஸ்கூட அப்படி அசையாமல் இருந்ததில்லை.

"சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வந்து ஒக்காரு" என்றாள்.

போர்வையை இரண்டாக மடித்து என் மடியில் போட்டு, அவனைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள். நாலரைக் கிலோ இருப்பான்.